கூடுதலாக ஒரு பயணி

நெவில் ஹோல்டன் முதல் நாள் வேலைக்கு டை கட்டிக்கொண்டு வந்தார். எங்கள் பம்பிள்பீ கிளப்பில் டை கட்டிய ஆளை அதற்கு முன்னால் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன். அவர் தீயணைப்புக் கருவியைச் சோதிக்க வந்தவர். பள்ளிக்கூடம் விட்ட பிறகு, அப்பா அம்மா வேலை முடிந்து வரும்வரை பிள்ளைகளை வைத்துப் பார்த்துக்கொள்ளும் இடம் எங்களுடையது. இங்கிலாந்தில் டார்வென் ஊரில் மெதடிஸ்ட் சர்ச்சுக்குப் பின்னால் இருக்கிற ஹாலில் நடக்கிறது. உள்ளே காலெடுத்து வைத்தால் பசை, பெயின்ட், ஜாம் மூன்றில் ஒன்றாவது மேலே ஒட்டாமல் வெளியே போக முடியாது. அங்கே போய் இஸ்திரி போட்ட சட்டை, பளபளக்கும் ஷூ, டை. ஐம்பத்து நாலு வயது அப்ரெண்டிஸ்.

ஆமாம், அப்ரெண்டிஸ்தான். வேலை பார்த்துக்கொண்டே படித்து, குழந்தைப் பராமரிப்புக்குச் சான்றிதழ் வாங்குகிற ஆள். வழக்கமாகப் பதினேழு வயதுப் பெண்கள் வருவார்கள், பாதி நேரம் போனைப் பார்ப்பார்கள், மீதி நேரம் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். இந்த முறை கீலி ஒரு பஸ் டிரைவரை எடுத்திருக்கிறாள் என்று கேட்டதும் எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் கோபம் வந்தது. கீலி எங்கள் மேனேஜர், வயது இருபத்தாறு. நான் லோரெய்ன். டோஸ்ட் போடுவதிலிருந்து மூக்குத் துடைத்துவிடுவதுவரை அங்கே எல்லாம் என் தலையில்தான்.

"கூட ஒரு ஆள் வேணும்னு கேட்டேன், தாத்தாவக் கொண்டாந்து விட்டிருக்கியே," என்றேன் கீலியிடம்.

"ஒரு வாரம் பாப்போம் லோரெய்ன். சரிப்பட்டு வந்தா வெள்ளிக்கிழமை ஒப்பந்தத்துல கையெழுத்து. இல்லன்னா டாட்டா."

"அவருக்குத் தெரியுமா?"

"நேராவே சொல்லிட்டேன். சரிம்மா, வெள்ளிக்கிழமை பேனா கொண்டாரேன்னாரு."

அந்த மனிதருக்கு அவ்வளவு ஆசை. போலீஸ் சரிபார்ப்பு முடிந்து தாள் வருவதற்குள் குட்டி போட்ட பூனை மாதிரி எங்கள் ஹாலைச் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறார். சர்ச்சில் பூ வைக்கிற பெண்கள் யாரோ திருடன் நோட்டம் பார்க்கிறான் என்று கீலிக்கே போன் செய்தார்கள்.

இருபத்தேழு வருஷம் பஸ் ஓட்டியவர். இடது கண்ணில் பார்வை மங்கி, பெரிய வண்டி ஓட்டுகிற லைசென்ஸ் போய்விட்டது. டிப்போவில் கேக் வெட்டி வழியனுப்பி வைத்தவர்கள், அவர் அடுத்து என்ன செய்யப்போகிறார் என்று தெரிந்ததும் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். "டயப்பர் மாத்தப் போறியாடா நெவில்?" என்று கேட்டவனுக்கு, "உனக்கு மாத்தற வயசு வந்ததும் சொல்லு, சலுகையில பண்ணித் தர்றேன்," என்று சொல்லிவிட்டு வந்ததாக அவரே என்னிடம் சொன்னார். அவருக்கும் அவர் மனைவிக்கும் பிள்ளைகள் இல்லை. அதற்காக யாரும் கண்ணைக் கசக்க வேண்டாம், அவரே கசக்கவில்லை.

"அப்புறம் எதுக்கு இந்த வேலை?" என்று முதல் நாளே நேருக்கு நேர் கேட்டுவிட்டேன். எனக்கு மனசில் ஒன்றை வைத்துக்கொண்டு வெளியே ஒன்று பேச வராது.

"ஸ்கூல் பஸ் நான் ரொம்ப வருஷம் ஓட்டினேன்," என்றார். "பின்னாடி ஒரே கும்மாளம். பாட்டு, சண்டை, அழுகை, மறுபடி பாட்டு. நான் ரோட்டப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பேன். மேல இருக்கற கண்ணாடியில அரை அரை மூஞ்சியாத் தெரியும். இருபத்தேழு வருஷம் முதுகு காட்டிக்கிட்டே உக்காந்திருந்தாச்சு லோரெய்ன். இனிமேலாவது திரும்பி உக்காரலாமேன்னு பாத்தேன்."

கெட்டிலைப் போடச் சொன்னேன். அதுதான் வினையாகப் போனது. பத்து நிமிஷத்தில் மனிதர் ஒரு தட்டில் நாலு கோப்பை கொதிக்கிற டீயை ஏந்தி, எங்கள் எல்லோருக்கும் என்று முகமெல்லாம் சிரிப்பாக, பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடிக்கொண்டிருக்கிற ஹாலுக்குள் நடந்து வந்தார். எங்கள் ஊரில் புது இடத்தில் வேலைக்குச் சேர்ந்தவன் முதலில் எல்லோருக்கும் டீ போட்டுக் கொடுப்பான். அதைத்தான் அவரும் செய்தார். கீலி அலறிய அலறலில் ஹாலே நின்றுவிட்டது.

"நெவில்! அசையாதீங்க! பசங்களா, எல்லாரும் சிலை!"

பிள்ளைகள் சிலையானார்கள். நெவிலும் சிலையானார். கீலி போய்த் தட்டை வாங்கிச் சமையல் மேடையில் வைத்தாள். சூடான எதுவும் பிள்ளைகள் இருக்கும் பக்கம் வரக்கூடாது என்பது எங்கள் முதல் விதி. அவர் காது சிவந்துபோய் நின்றார். எட்டு வயசு ஓட்டிஸ், எங்கள் கிளப்பிலேயே வாய் நீளமானவன், மெதுவாகப் பக்கத்தில் வந்தான்.

"நீங்க யாரோட தாத்தா?"

"யாரோட தாத்தாவும் இல்லப்பா. நான் இங்க கத்துக்க வந்திருக்கேன்."

"மிஸ் இப்பத்தான் உங்களத் திட்டினாங்க."

"ஆமா. வாங்கிக் கட்டிக்கிட்டேன்."

"உங்களுக்கு ஹோம்வொர்க் எல்லாம் உண்டா?"

"உண்டே. ராத்திரி உக்காந்து எழுதணும்."

ஓட்டிஸுக்குத் தலைகால் புரியவில்லை. "இவருக்கு ஹோம்வொர்க் இருக்காம்! பெரிய ஆளுக்கு ஹோம்வொர்க்!" என்று ஹால் முழுக்க ஓடினான். அன்று சாயங்காலம் பெற்றோர் வரும்வரை ஏழெட்டுப் பிள்ளைகள் அவரைச் சுற்றி உட்கார்ந்து, எப்படிச் சமாளிக்கலாம் என்று யோசனை சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஹோம்வொர்க்கை நாய் தின்றுவிட்டது என்று சொல்லக்கூடாதாம், அதை எல்லோரும் சொல்கிறார்களாம்.

மறுநாள் கீலி அவரை என்னோடு பள்ளிக்கூட வாசலுக்கு அனுப்பினாள். பள்ளிக்கூடம் மேட்டில் இருக்கிறது, எங்கள் ஹால் கீழே. வளையம் வளையமாகப் பிடி வைத்த ஒரு நீளமான கயிறு வைத்திருக்கிறோம். பிள்ளைகள் ஆளுக்கொரு வளையத்தைப் பிடித்துக்கொண்டு, தூரத்திலிருந்தே தெரிகிற மஞ்சள் மேலங்கியை மாட்டிக்கொண்டு வரிசையாக இறங்கி வருவார்கள். முன்னால் ஒரு பெரியவர், பின்னால் ஒரு பெரியவர். இதற்கு நடை பஸ் என்று பெயர். பெயர்தான் பஸ். தினமும் கால் வலிக்கிறது, கை குளிர்கிறது, அவன் கயிற்றை இழுக்கிறான் என்று அழுதுகொண்டே வரும் ஊர்வலம் அது.

நெவில் அந்தக் கயிற்றைக் கையில் வாங்கியதும் அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "பஸ்ஸா? இதுக்குப் பேர் பஸ்ஸா? சொல்லவே இல்லையே!" என்றார். முன்னால் போய் நின்றார், டையைச் சரிசெய்துகொண்டார், இல்லாத ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார்.

"டிக்கெட், டிக்கெட்! டிக்கெட் இல்லாதவங்க ஏறக்கூடாது!" நீட்டிய கைகளில் மஞ்சள் மேலங்கிகளை ஒவ்வொன்றாகக் கொடுத்தார். "எல்லாரும் கெட்டியாப் பிடிச்சுக்கங்க! டிங் டிங்!"

அவ்வளவுதான். பதின்மூன்று பிள்ளைகளும் "டிங் டிங்" என்று கத்திக்கொண்டு இறங்கினார்கள். தபால் பெட்டி ஒரு ஸ்டாப், சிப்ஸ் கடை ஒரு ஸ்டாப், நாய் குரைக்கிற வீடு ஒரு ஸ்டாப். யாருக்கும் கால் வலிக்கவில்லை. எனக்கே வலிக்கவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூட வாசலில் அம்மாக்களின் கையைப் பிடித்து வீட்டுக்குப் போக நின்ற பிள்ளைகள் எங்களையே ஏக்கமாகப் பார்த்தார்கள். சிவப்பு மழை பூட்ஸ் போட்ட ஒரு குட்டிப் பெண், தள்ளுவண்டியில் கைக்குழந்தையோடு நின்ற தன் அம்மாவை இழுத்து இழுத்துக் காட்டியது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அன்று ஹாலுக்கு வந்ததும் கீலி கடிகாரத்தைப் பார்த்தாள். "என்ன இன்னைக்கு இவ்ளோ சீக்கிரம்?"

"டிப்போவில எனக்குப் பேரே அதுதான்மா. டயத்துக்கு வர்ற நெவில்," என்றார். கீலி சிரித்தாள். வெள்ளிக்கிழமை கையெழுத்து நிச்சயம் என்று எனக்குத் தோன்றியது. அவருக்கும் தோன்றியிருக்கும். ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, டோஸ்டுக்கு ஜாம் தடவிக்கொண்டே விசிலடித்தார்.

புதன்கிழமை மழை. எங்கள் ஊர் மழை, குடையை மதிக்காத மழை. எல்லாப் பிள்ளைகளும் மழைக்கோட்டின் தலைமூடியை இழுத்துவிட்டுக்கொண்டு மூக்கு மட்டும் தெரிய நின்றார்கள். வகுப்பு வாசலில் பேர் கூப்பிட்டுச் சரிபார்த்தது நான்தான். மொத்தம் பன்னிரண்டு பேர். ஜென்சனுக்கு அம்மை போட்டிருந்ததால் வரவில்லை. நான் ஃப்ரேயாவின் ஷூ நாடாவைக் கட்டிவிடக் குனிந்த நேரத்தில் நெவில் முன்னால் டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தார். "டிக்கெட், டிக்கெட்! டிங் டிங்!" வண்டி கிளம்பிவிட்டது.

தபால் பெட்டிப் பக்கம் ரோட்டைக் கடக்குமுன் தலையை எண்ண வேண்டும். அதுவும் விதி. நெவில் நின்றார், திரும்பினார், எண்ணினார். மறுபடி எண்ணினார்.

"லோரெய்ன், நம்ம ஆளுங்க எத்தன பேரு?"

"பன்னெண்டு."

"பதிமூணு இருக்கு."

"ஓட்டிஸ ரெண்டு தடவ எண்ணியிருப்பீங்க. அவன் ரெண்டு ஆளுக்குச் சமம்."

"இல்ல. நீங்க எண்ணிப் பாருங்க."

எண்ணினேன். பதின்மூன்றுதான். வரிசையின் நடுவில், ஜென்சன் வராததால் மீந்த மேலங்கி முழங்காலுக்குக் கீழே தொங்க, அதற்கும் கீழே இரண்டு சிவப்பு மழை பூட்ஸ்.

நெவில் அதன் முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்தார். ஈர ரோட்டில், இஸ்திரி போட்ட பேன்ட்டோடு.

"உன் பேரு என்ன கண்ணு?"

"நான்சி."

"நீ பம்பிள்பீ கிளப்பா நான்சி?"

"இல்ல. நான் பஸ்ல வந்தேன்."

"யாரு ஏத்தினா?"

"நீங்கதான். டிக்கெட் கொடுத்தீங்களே."

நெவில் முகத்தில் ஈயாடவில்லை. நீட்டிய கையில் டிக்கெட்டைக் கொடுத்துக் கொடுத்தே பழகிய கை. முகத்தைப் பார்க்கவே இல்லை. டிரைவருக்கு ஏறாமல் விட்டுப்போனவர்களைப் பற்றித்தான் கவலை, கூடுதலாக ஏறியவரைப் பற்றி எந்த டிரைவர் கவலைப்பட்டிருக்கிறார்?

"அம்மா எங்கடா?" என்று கேட்டார்.

"ஸ்டாப்ல."

நான் சொன்னேன், "நெவில், இங்கருந்து ஹால்தான் கிட்ட. மழை வேற. போய்ச் சேந்துட்டு அங்கருந்து ஸ்கூலுக்கு போன் பண்ணிச் சொல்லிடலாம்."

"இல்ல."

"பசங்க எல்லாம் தெப்பமா நனைஞ்சிருக்காங்க. வெள்ளிக்கிழமைய மறந்துட்டீங்களா? நேரத்துக்குப் போகலன்னா கீலி கொன்னுடுவா."

"ஸ்கூலுக்கு நீங்க இப்பவே போன் பண்ணுங்க. நான் கீலிக்குப் பண்றேன்." போனைக் காதில் வைத்துக்கொண்டு அவர் பேசியது அப்படியே நினைவிருக்கிறது. "கீலி, நெவில் பேசறேன். வண்டியில ஒரு ஆள் கூடுதலா ஏறியிருக்கு. நம்ம புள்ள இல்ல. நான்தான் மூஞ்சியப் பாக்காம ஏத்திட்டேன். தப்பு என் மேல, லோரெய்ன் மேல இல்ல. திருப்பிக்கிட்டுப் போறேன். லேட்டாகும்." அந்தப் பக்கம் கீலி என்ன சொன்னாளோ, "சரிம்மா," என்று வைத்துவிட்டார். பள்ளிக்கூடத்தில் போனை யாரும் எடுக்கவில்லை. மணியடித்துக்கொண்டே இருந்தது.

அப்புறம் பிள்ளைகள் பக்கம் திரும்பினார். சத்தமாகச் சொன்னார்: "பயணிகள் கவனத்துக்கு! வண்டி திரும்புது!"

"யூ டர்ன்!" என்று கத்தினான் ஓட்டிஸ். "யூ டர்ன்! யூ டர்ன்!" என்று மொத்தக் கயிறும் கத்தியது. மேட்டில் ஏறினோம். தண்ணீர் எதிரே ஓடி வந்தது. டயத்துக்கு வர்ற நெவில், ஒரு நாளும் வண்டியைத் திருப்பாதவர், முன்னால் கிட்டத்தட்ட ஓடினார். நான்சியின் கையைக் கயிற்றோடு சேர்த்துப் பிடித்திருந்தார்.

வாசல் தெரிவதற்கு முன்பே அந்தச் சத்தம் கேட்டுவிட்டது. "நான்சி! நான்சி!" என்று ஒரு பெண் கத்திக்கொண்டிருந்தாள். தள்ளுவண்டிக் குழந்தை அழுததால் அதன் மழை மூடியைச் சரிசெய்யத் திரும்பியிருக்கிறாள், அவ்வளவுதான். திரும்பிப் பார்த்தால் பிள்ளை இல்லை. ஆபீஸ் பெண்மணி, டீச்சர், வாசலில் நின்ற அம்மாக்கள் எல்லோரும் ஆளுக்கொரு பக்கம் ஓடிக்கொண்டிருந்தார்கள். போனை எடுக்க அங்கே யார் இருந்தார்கள்?

"அம்மா! நான் பஸ்ல போனேன்!" என்று நான்சி கையை ஆட்டினாள்.

அந்த அம்மா, கெர்ரி என்று பேர், பிள்ளையை அள்ளிக் கட்டிக்கொண்டு நனைந்த தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து எழுந்தாள். நெவிலைப் பார்த்து வாய்க்கு வந்தபடி திட்டினாள். "யாருய்யா நீ? அடுத்தவ புள்ளைய இழுத்துக்கிட்டுப் போவியா? உனக்குக் கண்ணு இருக்கா இல்லையா?"

கண்ணைப் பற்றி அவள் கேட்டது எனக்கே குத்தியது. ஆனால் அவர் அதைக் காரணமாகச் சொல்லவில்லை. "என் தப்புதான்மா. பாப்பா கை நீட்டினா, யாருன்னு பாக்காம கொடுத்துட்டேன். மன்னிச்சுடுங்க," என்றார். அவள் நான்சியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள். நாங்கள் கீழே இறங்கினோம். இந்த முறை டிங் டிங் இல்லை.

பிள்ளைகள் எல்லாம் போன பிறகு கீலி அவரைச் சமையல் மேடைப் பக்கம் கூப்பிட்டாள். நான் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தேன், காதை மூடிக்கொள்ள முடியுமா? மேலிடத்துக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்றாள். "ஒரு புள்ள குறைஞ்சா எவ்வளவு பெரிய விஷயமோ, கூடினாலும் அதேதான் நெவில்." அவர் தலையாட்டினார். "நாளைக்கு நீங்க வாசலுக்குப் போக வேணாம். ஹால்ல இருங்க. வெள்ளிக்கிழமை பேசுவோம்."

எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. கீலி சொன்னது முழுக்க நியாயம், அதனால்தான் கோபம். மூன்றே நாளில் அந்த மனிதரை எனக்குப் பிடித்துப்போயிருந்தது.

வியாழக்கிழமை அவர் வரமாட்டார் என்று நினைத்தேன். வந்தார், டை இல்லாமல். நான் கயிற்றோடு உள்ளே வந்தபோது கதவுக்குப் பக்கத்தில் சின்ன நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"யாரும் மேலங்கியக் கழட்டாதீங்க. தலைமூடி போட்டுக்கங்க. வரிசையா நில்லுங்க. நான் ஒவ்வொருத்தர் பேரும் சொல்லணும். தப்பாச் சொன்னா நான் ஒரு தடவ ஹாலச் சுத்தி ஓடுவேன்," என்றார்.

பிள்ளைகளுக்கு இதைவிட என்ன வேண்டும்? இடம் மாற்றி மாற்றி நின்றார்கள், மூக்கைச் சுளித்தார்கள், கன்னத்தை உப்பினார்கள். ஃப்ரேயாவை ஜைனப் என்றார், ஓடினார். ஜைனபை ஃப்ரேயா என்றார், மறுபடி ஓடினார். மூச்சு வாங்க வந்து உட்கார்ந்து, ஒவ்வொரு முகத்தையும் கிட்டே போய்ப் பார்த்தார். உனக்குப் புருவத்தில் தழும்பு, உனக்கு ஒரு பல் இல்லை, நீ சிரிக்குமுன் கண்ணை மூடுகிறாய் என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தார். டோஸ்ட் ஆறிப்போயிற்று. நானும் ஆறட்டும் என்று விட்டுவிட்டேன். அத்தனை சத்தத்தை அந்த ஹால் கேட்டதில்லை. கடைசியில் எல்லாப் பேரையும் சரியாகச் சொன்னபோது பிள்ளைகள் அவர் மேலேயே விழுந்தார்கள். கீலி ஆபீஸ் கதவைத் திறந்து கொஞ்ச நேரம் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை அவர் சட்டைப்பையில் பேனா இருந்தது. கையில் ஒரு பையும் இருந்தது. உள்ளே முதல் நாள் கீலி கொடுத்த கிளப் டி-ஷர்ட், துவைத்து மடித்து, திருப்பிக் கொடுக்க. இரண்டுக்கும் தயாராக வந்திருக்கிறார் பாவம்.

பெற்றோர் வரும் நேரம். அழைப்பு மணி அடித்தது. நான் கதவைத் திறந்தால், வெளியே தள்ளுவண்டி, சிவப்பு பூட்ஸ், கெர்ரி. போச்சுடா, புகார் கொடுக்க வந்துவிட்டாள் என்று எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. நெவில் எழுந்து நின்றார். கீலி வெளியே வந்தாள்.

"இங்க பொறுப்பு நீங்களா?" என்றாள் கெர்ரி. "எனக்கு அடுத்த வாரம் மறுபடி வேலை ஆரம்பிக்குது. இவள எங்கயாவது சேக்கணும். ரெண்டு கிளப் பாத்தேன். எதுக்குள்ளயும் வர மாட்டேங்கறா. வீட்டுல ரெண்டு நாளா டிங் டிங் சொல்லாம பாத்ரூமுக்குக்கூடப் போறதில்ல. என் தலையத் தின்னுட்டா." நெவிலை ஒரு பார்வை பார்த்தாள். "ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அந்த பஸ்ஸ யாரு ஓட்டுவாங்க? இவரா?"

கீலி கொஞ்சமும் யோசிக்கவில்லை. "இல்ல. இனிமே லோரெய்ன்தான் ஓட்டுவாங்க."

என் மனசு உடைந்துபோயிற்று. நெவில் குனிந்து பையை எடுத்தார்.

"இவரு பின்னாடி வருவாரு," என்றாள் கீலி. "கண்டக்டர். டிக்கெட் கொடுக்கறது, எண்ணறது, மூஞ்சியப் பாக்கறது எல்லாம் இவர் வேலை. எங்க அப்ரெண்டிஸ், நெவில்."

நான் கையிலிருந்த துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அது மேஜை துடைக்கிற துணி என்பது பிறகுதான் தெரிந்தது. நெவில் பையைக் கீழே வைக்கவும் மறந்து அப்படியே நின்றார்.

கெர்ரி இன்னும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அன்னைக்கு எங்க வரைக்கும் வந்திருந்தீங்க?"

"தபால் பெட்டி வரைக்கும்."

"அங்கருந்து இந்த ஹால்தான கிட்ட? இங்க கூட்டிட்டு வந்துட்டு போன் பண்ணியிருக்கலாம்ல? எதுக்கு மழையில அத்தன பேரையும் மேட்டுல ஏத்திக் கொண்டாந்தீங்க?"

நெவில் தயங்கினார். "அம்மா ஸ்டாப்ல நிக்கறாங்கன்னு பாப்பா சொன்னா," என்றார். "நீங்க அங்க நிப்பீங்களேம்மா."

கெர்ரி குழந்தையின் மழை மூடியைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொண்டாள். அப்புறம் நிமிராமலே, "பேனா இருந்தா கொடுங்க, சேக்கறதுக்கு எங்க எழுதணும்?" என்றாள். நெவில் சட்டைப்பையிலிருந்த தன் பேனாவை எடுத்துக் கொடுத்தார். அவள் எழுதி முடித்ததும் கீலி அதே பேனாவை வாங்கி அவரிடமே நீட்டினாள். இன்னொரு தாளும் அவள் கையில் தயாராக இருந்தது.

திங்கட்கிழமையும் மழைதான், ஜென்சனுக்கு இன்னும் அம்மை இறங்கவில்லை. பள்ளிக்கூட வாசலில் கயிற்றின் முன்னால் நான் நின்றேன், இல்லாத ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு. வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் பிடித்திருந்தது. நெவில் வரிசையில் ஒவ்வொருவர் முன்னாலும் குனிந்து, தலைமூடிக்குள் எட்டிப் பார்த்து டிக்கெட் கொடுத்துக்கொண்டு வந்தார். சிவப்பு பூட்ஸிடம் வந்ததும் ஒரு சின்னக் கை நீண்டது. அவர் மேலங்கியைக் கொடுக்கவில்லை.

"பேரு?"

"நான்சி! உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும். இருந்தாலும் கேப்பேன்."

கெர்ரி வாசலுக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வேலைக்கு நேரமாகியும் போகவில்லை. நெவில் கயிற்றின் கடைசிக்குப் போனார், எல்லாப் பிள்ளைகளையும் ஒரு முறை பார்த்தார், எண்ணினார்.

"பதிமூணு! எல்லாம் நம்ம ஆளுங்க!" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. "போலாம் ரைட்!"

நான் வண்டியை எடுத்தேன்.